கர்ணமாவது கம்மாக்கரையில ஆப்புட்டாரு

ஏலே பேராண்டி, உங்க ஆபீஸ்ல 'செயற்கை நுண்ணறிவும் அறமும்'னு நாலு பக்கம் எழுதிக் கொண்டுட்டு வரச் சொல்லியிருக்காகளாமே. உங்கம்மா சொன்னா. நீ என்ன செஞ்சிருக்க? அந்த நாலு பக்கத்தையும் அந்த மிஷின்கிட்டயே எழுதி வாங்கி வச்சிருக்க. குத்தவாளியே தீர்ப்பும் எழுதட்டும். வக்கீல் செலவு மிச்சம்.

படிச்சுப் பார்த்தேன். முதல் பக்கத்துல நம்பகத்தன்மை, ரெண்டாவதுல பொறுப்புடைமை, மூணாவதுல வெளிப்படைத்தன்மை. கல்யாணப் பத்திரிகையில தாய்மாமன்மார் பேரு மாதிரி வரிசையா நிக்கிறாக. ஒருத்தராவது மொய் எழுதினதாத் தெரியல. அதனால எட்டாங்கிளாஸ் படிச்ச தாத்தன் நாலு வார்த்தை சொல்றேன். கேக்குறதும் கேக்காததும் உன் பாடு. காதுல மாட்டியிருக்கியே, அதை மட்டும் கழட்டி வை.

இந்த ஹைதராபாத்துக்கு வந்து உங்க பன்னெண்டாவது மாடியில ஒண்டின நாள்ல இருந்து பார்க்கிறேன், இந்த ஊர்க்காரங்களுக்கு மிஷின் மேல தனிப் பிரியம். 2017 டிசம்பர் கடைசியில ஜூபிலி ஹில்ஸ்ல ஒரு ரோபோ போலீசை நிப்பாட்டி வெள்ளோட்டம் பார்த்தாக. ஆளுக ஓடி ஓடிப் போய் அதுகூட நின்னு போட்டோ எடுத்தாக. மாமூல் வாங்கத் தெரியாத போலீஸை எந்த ஊர்லயும் அப்படித்தான் வேடிக்கை பார்ப்பாக. அப்புறம் 2020 பிறந்ததும் பிறக்காததுமா, ஜனவரி 2-ம் தேதி, 'இது செயற்கை நுண்ணறிவு ஆண்டு'ன்னு தெலங்கானா அரசு அறிவிச்சுச்சு. மார்ச்சுல கொரோனா வந்துச்சு. மனுஷன் அத்தனை பேரையும் வீட்டுக்குள்ள போட்டுப் பூட்டியாச்சு, மிஷின் மட்டும் வெளியில. ஆண்டுன்னு அறிவிச்சா இப்படில்ல பலிக்கணும்!

உன் மிஷினை நானும் ஒரு நாள் ராத்திரி சோதிச்சேன். நீ தூங்கிட்ட, போன் கிடந்துச்சு. "எங்க ஊர்ல எந்தக் கிணத்துத் தண்ணியில பருப்பு வேகும்?"னு கேட்டேன். கரிசக்காட்டுல பொண்ணு கொடுக்கிறவன் முதல்ல கேக்குற கேள்வி அதுதான். "அருமையான கேள்வி!"ன்னு ஆரம்பிச்சு, ஊருக்கு வடக்க நாயக்கர் காலத்துப் படிக்கிணறு ஒண்ணு இருக்கு, தண்ணி தேனா இருக்கும்னு சொல்லுச்சு. எனக்கே ஆசையாப் போச்சு. "அப்படி ஒரு கிணறே கிடையாதே"ன்னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வது சரி"ங்குது. சும்மா விடுவேனா? "இல்லப்பா, இருக்கு, மறந்துட்டேன்"னேன். "மன்னிக்கவும், நீங்கள் சொல்வதே சரி." நம்ம பக்கத்து ஜமீன்ல இப்படித் தலையாட்டுறதுக்குன்னே நாலு பேருக்குச் சோறு போட்டு வச்சிருந்தாக. 1948-ல சட்டம் வந்து ஜமீன் ஒழிஞ்சதும்பாக. அதுக்கு முந்தியே அந்த நாலு பேரும் ஒழிச்சு முடிச்சிட்டாகங்கிறது எங்கய்யா கட்சி.

'தெரியாது'ன்னு சொல்றதுக்கு அதுக்கு வாய் வர மாட்டேங்குது ஐயா. உங்க இன்ஜினியருகளுக்கே வராத வார்த்தை, மிஷினுக்கு எங்கிருந்து வரும்?

சரி, குடும்பத்துக்குள்ள நடந்ததுக்கு வாரேன். சாத்தூர்ல உங்கப்பாவுக்கு மாமன் முறை ஒருத்தர் தவறிப்போனாரே, அவுக வீட்டுக்கு நீ ஒரு இரங்கல் அனுப்பின. "அவருடைய கனிவான புன்னகை என்றென்றும் நம் நெஞ்சில் நிலைத்திருக்கும்." நல்ல தமிழ்தான். ஆனா அந்த மனுஷன் தன் கல்யாண போட்டோவுலயே சிரிக்காதவரு. சம்பந்தக்காரன் குழி தவறி விழுந்தப்போகூட உதட்டைப் பிரிக்காதவரு. அந்த அத்தை துக்கம் விசாரிக்க வந்த அத்தனை பேர் நடுவுலயும் அதைப் படிச்சிட்டு, "எந்தப் புன்னகை? யாரைப் பார்த்துச் சிரிச்சாரு?"ன்னு கேக்க ஆரம்பிச்சிட்டா. பதினாறாம் நாள் வரைக்கும் அந்த விசாரணை ஓயல. செத்த மனுஷன் மேல இல்லாத கேசைப் போட்டுட்ட நீ.

நம்ம பக்கம் கூலிக்கு மாரடிக்க ஆள் வருவாக. அந்தப் பொம்பளைககூட வாசல்ல வந்து இறங்கினதும், செத்தவர் பேர் என்ன, பிள்ளை எத்தனை, என்ன சீக்குன்னு ஒரு வெத்தலை போடுற நேரம் விசாரிச்சிட்டுத்தான் பாட்டை எடுப்பாக. கூலிதான், கண்ணீர் கடன்தான். ஆனா விசாரணை உண்டு. லீவு லெட்டரு, பேங்குக்கு மனு, வீட்டு ஓனருக்கு வாடகையைக் குறைக்கச் சொல்லி விண்ணப்பம், எல்லாம் மிஷின் எழுதட்டும், நான் வேண்டாங்கல. எழவு வீட்டுக்கு மட்டும் நீ எழுது. ரெண்டு பிழையோட எழுது, யாரும் மார்க் போடப் போறதில்ல.

செத்தவங்க பேச்சு வந்ததால இதையும் சொல்லிடுறேன். எஸ்.பி.பி. 2020 செப்டம்பர்ல போனாரு. அடுத்த மூணு வருசத்துல 'கீடா கோலா'ன்னு ஒரு தெலுங்குப் படத்துல அவர் குரல். ஏ.ஐ. வச்சு உண்டாக்கினது. எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்கலன்னு மகன் சரண் 2024 ஜனவரியில நோட்டீஸ் விட்டாரு. அதே ஜனவரியில நம்ம ரஹ்மான் 'லால் சலாம்' படத்துக்குப் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது ரெண்டு பேர் குரலையும் அதே வித்தையிலதான் கொண்டுவந்தாரு. குடும்பத்துக்கிட்ட அனுமதி வாங்கி, பணமும் கொடுத்தோம்னாரு. ரெண்டும் ஒண்ணாகாது, கேட்டு எடுத்தவனும் கேக்காம எடுத்தவனும் ஒரே தராசுல ஏற மாட்டாக. இருந்தாலும் எனக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருக்கு. ஷாகுல் ஹமீது 1997-ல போனவரு. அவர் பாட சம்மதிச்ச பாட்டைத்தான் அவர் பாடினாரு. புஞ்சைக்கு வாரிசு உண்டு, சரி. தொண்டைக்கு உண்டா?

நான் எழுதியே வச்சிட்டேன். என் காலத்துக்கப்புறம் என் குரல்ல எந்த மிஷினும் பேசக் கூடாது. உசிரோட இருக்கும்போது பேசினதே ஏழு ஜென்மத்துக்குப் போதும்னு உங்க அப்பத்தா சாட்சிக் கையெழுத்து போட்டிருக்கா.

குரல் மட்டுமில்ல, படமும் அப்படித்தான். அந்த மான் கதையை நீ மறந்திருக்க மாட்ட. உன் ஆபீஸுக்குப் போற வழிதானே, காஞ்ச கச்சிபவுலி. ஹைதராபாத் பல்கலைக்கழகத்தை ஒட்டி 400 ஏக்கர். 2025 உகாதியை ஒட்டி புல்டோசர் வந்து இறங்கி மரத்தைச் சாய்ச்சுது. பிள்ளைக போராடினாக. ஊரெல்லாம் போன்ல படம் பறந்துச்சு. நெசப் படமும் பறந்துச்சு, ஏ.ஐ. போட்ட படமும் பறந்துச்சு. ஜப்பான் கார்ட்டூன் மாதிரி ஒரு படம்: காளான் பாறைக்கு முன்னால புல்டோசர், பக்கத்துல மானும் மயிலும். அதைப் பகிர்ந்த ஸ்மிதா சபர்வால்ங்கிற ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கே போலீஸ் நோட்டீஸ் கொடுத்துச்சு. என்னை மாதிரி ரெண்டாயிரம் பேர் பகிர்ந்திருக்காக, எல்லாருக்கும் நோட்டீஸ் உண்டான்னு அந்தம்மா திருப்பிக் கேட்டுச்சு.

பொய்ப் படம் போடுறது தப்பு. அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. அங்க நிக்காத மானை நிக்க வைக்கிறவன், நாளைக்கு அடிக்காத அடிக்கும் ரத்தம் வரைவான். ஆனா ஒண்ணைக் கவனிச்சியா? படத்துல இருந்த மான் பொய், புல்டோசர் நெசம். மானைப் பிடிச்சு விசாரிச்ச வேகத்துல போலீஸ் புல்டோசரை விசாரிக்கல. அதுக்கு டெல்லியில இருந்து உச்ச நீதிமன்றம் ஏப்ரல் 3-ம் தேதி 'நிறுத்து'ன்னு சொல்ல வேண்டியிருந்துச்சு. பொய்ப் படம் ஒண்ணு அகப்பட்டா, நெசமா எடுத்த படத்தையும் 'அதுவும் ஏ.ஐ.தான்'னு தள்ளிடலாம். களவாணிக்கு இதைவிட நல்ல காலம் கிடைக்காது. எங்க காலத்துல கையும் களவுமாப் பிடிச்சா வேலை முடிஞ்சுது. இனிமே கையையும் களவையும் காட்டினாலும், 'கை என்னோடதில்ல, மிஷின் வரைஞ்சது'ம்பான்.

டெல்லி வரைக்கும் போனது போதும், நம்ம அபார்ட்மென்ட் கேட்டுக்கு வா.

நம்ம வீட்டுக்கும் மேல்மாடி வீடுகளுக்கும் பாத்திரம் தேய்க்க வர்ற அந்தம்மா மகபூப்நகர்ப் பக்கத்துக்காரி. பாலமூருன்னு சொல்லுவாக இங்கே. மழை பொய்க்கிற சீமை. நம்ம கரிசக்காட்டு வீடுகள்ல பேசுற தெலுங்கைக் கேட்டா அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வரும், அவ பாட்டி பேசின தெலுங்காம். போன மாசம் கடவாப்பல்லைப் பிடுங்கிட்டு, கன்னம் வீங்கி, துணியைக் கட்டிக்கிட்டு வந்தா. கேட்டுல இருக்கிற அந்தப் பலகை மூஞ்சியைப் பார்த்துட்டுப் 'பொருந்தவில்லை'ன்னுடுச்சு. துணியை அவுத்துக் காட்டினா. பொருந்தல. வாட்ச்மேன் யாரு? சங்கராந்திக்கு அவ சுட்டுக் கொண்டாந்த சகினாலுவைத் தின்னுட்டு, இன்னும் ரெண்டு கொடுன்னு கேட்டு வாங்கினவன். அவ மூத்த மகன் எந்தப் பள்ளிக்கூடம்னு தெரிஞ்சவன். "ஏப்பா, இது யாருன்னு உனக்குத் தெரியாதா?"ன்னு கேட்டேன். "எனக்குத் தெரியும் தாத்தா, சிஸ்டம் எடுத்துக்க மாட்டேங்குது"ன்னான்.

ரெண்டு கண்ணும் சோடா புட்டியில்லாம நல்லாத் தெரியுற ஆளு ஐயா. தன் கண்ணைக் கழட்டி அந்தப் பலகைக்கிட்ட அடகு வச்சிட்டான். அவனைக் குத்தம் சொல்லவும் எனக்கு மனசு வரல. சிஸ்டத்தை மீறி உள்ள விட்டான்னா, நாளைக்கு ஒரு செருப்பு காணாமப் போனாலும் அவன் வேலை போயிடும். விடாம நிறுத்தினா ஒண்ணும் ஆகாது. 'மிஷின் சொன்னபடி கேட்டவன்'னு இதுவரைக்கும் யாரையும் வேலையை விட்டு எடுத்ததில்ல.

அவ அரை மணி நேரம் வெயில்ல நின்னு, கடைசியில உங்கம்மா கீழ போய்க் கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டு வந்தா. கதை அங்க முடியல. மேல்வீட்டுக்கு லேட்டாப் போனால்ல, அந்த வீட்டுக்காரி போன்ல இருக்கிற கேட்டு ஆப்பைத் தட்டி அவளுக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைச்சிட்டா. தெரியாதுன்னு நிறுத்தினதும் அந்த ஆப்பு, லேட்டுன்னு எழுதினதும் அந்த ஆப்பு, மார்க்கைக் குறைச்சதும் அதே ஆப்பு. தனக்கு நட்சத்திரம்னு ஒண்ணு இருக்குங்கிறதே அவளுக்குத் தெரியாது. ஜாதகத்துல இருக்கிற நட்சத்திரத்தையாவது ஜோசியன் காசு வாங்கிட்டுச் சொல்லுவான். அசோசியேஷன்ல கேட்டா 'கம்பெனியைக் கேளுங்க'ங்கிறாக. கம்பெனிக்கு உங்கம்மா எழுதிக் கேட்டா, 'உங்கள் கருத்துக்கு நன்றி'ன்னு பதில் வருது. அந்தப் பதிலும் மிஷின் எழுதினதுதான்னு நீயே சொன்ன.

இது கன்னம் வீங்கின கதை, அரை நாள்ல வடிஞ்சு போச்சு. வயித்துக் கதை ஒண்ணு இதே ஊர்ல நடந்திருக்கு. உன் நாலு பக்கத்துல அதைக் காணோம்.

தெலங்கானா அரசு 'சமக்ர வேதிகா'ன்னு ஒண்ணு வச்சிருக்கு. பல இலாகா ஏடுகளையும், வண்டி, வீட்டு வரி, கரண்டு பில்லுன்னு, ஒண்ணாக் கொட்டி, இந்தக் குடும்பத்துக்கு இன்னின்னது இருக்குன்னு மிஷின் கூட்டிக் கழிச்சுச் சொல்லும். பேரும் விலாசமும் எழுத்துக்கு எழுத்து ஏறக்குறைய ஒத்துப்போச்சுன்னா 'ரெண்டும் ஒரே ஆள்'னு முடிச்சுப் போட்டுடும். இந்த ஊர்ல ரிக்‌ஷா இழுத்துப் பிழைச்ச ஒருத்தர். பரம ஏழைகளுக்குக் கொடுக்கிற அந்தியோதயா ரேஷன் அட்டை வச்சிருந்த குடும்பம். அவர் பேரை ஒட்டின பேர்ல வேற யாரோ ஒருத்தர் கார் வச்சிருந்தாரு. மிஷின் ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிடுச்சு. ரிக்‌ஷாவுக்கு மூணு சக்கரம். நாலாவது சக்கரத்தை மிஷின் மாட்டிவிட்டுச்சு. அட்டை போச்சு, அரிசி போச்சு. அந்த மனுஷனும் இறந்து போனாரு. எங்க வீட்டுல கார் இல்லைங்கிறதை நிரூபிக்க அவர் சம்சாரம் கோர்ட்டு வரைக்கும் போக வேண்டியிருந்துச்சு. 2024 ஜனவரியில பத்திரிகைக்காரங்க இதைத் தோண்டி எடுத்து எழுதினாக.

இருக்கிறதை நிரூபிக்கலாம். இல்லாத காரை எப்படி நிரூபிக்கிறது? வெறும் வாசலைக் காட்டினா, 'ரிப்பேருக்கு விட்டிருப்பீக'ம்பான்.

2014-ல இருந்து 2019 வரைக்கும் தெலங்கானாவில ரத்தான அட்டை 18 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேல. அத்தனையையும் மிஷின்தான் தள்ளுச்சுன்னு நான் சொல்லல. நெசமாவே வசதியானவனும் அதுல இருந்திருப்பான், செத்தவன் பேர்ல அரிசி வாங்கினவனும் இருந்திருப்பான். ஆனா தள்ளுறதுக்கு முந்தி 'உன் அட்டையை எடுக்கப் போறோம், நீ என்ன சொல்ற?'ன்னு வீட்டுல போய்க் கேக்கல. அதுதான் வழக்காச்சு. எஸ்.கியூ. மசூத்ங்கிற இந்த ஊர் சமூக ஆர்வலர் உச்ச நீதிமன்றம் வரைக்கும் கொண்டுபோனாரு. 2022 ஏப்ரல்ல, 'நேர்ல போய்ப் பார்த்துட்டு வாங்க'ன்னு கோர்ட்டு சொல்லுச்சு. மறுபடி பாருங்கன்னு வந்த மனு 4,91,899. ஜூலை வரைக்கும் பார்த்து முடிச்சது 2,05,734. அதுல 'அடடா, இவுக தகுதியானவுகதான்'னு தேறினது 15,471.

நூத்துக்கு ஏழரை. நம்ம ஊர்ல ஏழரைன்னு சொன்னா, வந்திருக்கிறது யாருன்னு விளக்கம் வேண்டியதில்ல. மீதித் தொண்ணூத்திரெண்டரை சரிதானேன்னு உங்க ஆபீஸ்ல கேக் வெட்டுவீக. வெட்டுங்க. அந்த 15,471 வீட்டுக்கு ஆளுக்கொரு துண்டு அனுப்பிட்டு வெட்டுங்க.

அந்த மிஷின் எப்படிக் கணக்குப் போடுதுன்னு பத்திரிகைக்காரங்க தகவல் உரிமைச் சட்டத்துல கேட்டாக. உரிமை தனியார் கம்பெனியோடதுன்னு மறுத்துட்டாக. அரிசி சர்க்காரோடது, பசி ஜனங்களோடது, கணக்கு மட்டும் கம்பெனியோடது.

இப்ப நம்ம ஊர்ல நிலக் கணக்கு எழுதின கர்ணத்தைப் பத்திச் சொல்றேன். யோக்கியருன்னு சொன்னா என் நாக்கு அழுகிப்போகும். எங்கய்யா பேர்ல இருந்த ரெண்டு குறுக்கம் புஞ்சையை ஒரு வருசம் அடங்கல்ல அடுத்த காட்டுக்காரன் பேருக்கு எழுதிட்டாரு. எங்கய்யா சண்டைக்கும் போகல, சாமிகிட்டயும் முறையிடல. மறுநாள் விடியக்காலம் கம்மாக்கரைக்குப் போனாரு. கர்ணம் செம்பை வச்சிக்கிட்டுக் குத்த வச்சிருந்தாரு. எங்கய்யா பத்தடி தள்ளி நின்னு, "சாமி, நம்ம புஞ்சை விஷயமா..."ன்னு ஆரம்பிச்சாரு. கர்ணத்தால எந்திரிக்கவும் முடியாது, ஓடவும் முடியாது, 'ஆபீசுக்கு வா'ன்னு அதிகாரமாச் சொல்லவும் அது தோதான நிலைமை இல்ல. பேச்சுவார்த்தை அங்கேயே முடிஞ்சு, மத்தியானத்துக்குள்ள அடங்கல் திருந்திடுச்சு.

1980-ல எம்.ஜி.ஆர். அந்தப் பரம்பரைக் கர்ணங்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பினாரு. இந்தப் பக்கம் 1984-ல என்.டி.ஆர். அனுப்பினாரு. சந்தோசப்பட்டவங்கள்ல நானும் ஒருத்தன். அப்புறம் வந்த கிராம வருவாய் அலுவலர் பதவியையும் 2020-ல தெலங்கானா எடுத்துடுச்சு, எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கிடும்னு. அஞ்சு வருசத்துல, ஊருக்கு ஒரு ஆள் வேணும்யான்னு மறுபடி ஆள் போட்டாக. ஏன்? கர்ணம் களவாணியா இருந்தாலும் அவருக்கு ஒரு வீடு இருந்துச்சு, ஒரு திண்ணை இருந்துச்சு, வயித்துல ஒரு உபாதை இருந்துச்சு. நீ எழுதுற அல்காரிதம் எந்தக் கம்மாக்கரைக்குப் போகுது பேராண்டி? சொல்லு, நான் நாளைக்கு விடியக்காலம் போய் நிக்கிறேன்.

அந்த மசூத் சங்கதி இன்னும் ஒண்ணு இருக்கு. 2021 மே மாசம், ஊரடங்கு. வண்டியில போனவரை போலீஸ் நிறுத்தி, 'முகக்கவசத்தை இறக்கு, போட்டோ எடுக்கணும்'னு சொல்லியிருக்காக. முகக்கவசம் போடாதவனுக்கு ஆயிரம் ரூபா அபராதம்னு அறிவிச்சிருந்த அதே சர்க்காரு! போட்டாலும் குத்தம், இறக்கினாலும் குத்தம். என் மூஞ்சியை எதுக்கு எடுத்தீக, எங்க வச்சிருக்கீக, எந்தச் சட்டத்துலன்னு கேட்டு தெலங்கானா உயர் நீதிமன்றத்துக்குப் போனாரு. 2022 ஜனவரியில கோர்ட்டு நோட்டீஸ் விட்டுச்சு. அரிசிக்கு ஒரு வழக்கு, மூஞ்சிக்கு ஒரு வழக்கு. ஊர்ல ஒரு மனுஷன் இப்படி விடாக்கண்டனா இருக்கணும். அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிட பயமா இருக்கும், ஆனா இருக்கணும்.

சீமையில மட்டும் என்ன வாழுதாம்னு கேப்ப. நீதான் படிச்சுக் காட்டின: நெதர்லாந்துல பிள்ளை வளர்க்கிறதுக்குக் கொடுக்கிற உதவித்தொகையில மோசடி பண்றவங்கன்னு, மிஷின் கணக்கையும் நம்பி ஆயிரக்கணக்கான பெத்தவங்க மேல வரி இலாகா பாய்ஞ்சுச்சு, வெளிநாட்டுக்காரன்னா கூடுதல் சந்தேகம். வீடு போச்சு, குடும்பம் பிரிஞ்சுச்சு. 2021 ஜனவரியில அந்தப் பிரதமர் ருட்டேயோட மந்திரிசபையே ராஜினாமா பண்ணுச்சு. ரெண்டு மாசம் கழிச்சுத் தேர்தல்ல ஜெயிச்சு அவரே திரும்ப வந்துட்டாரு, அது வேற. அரசியல்வாதி எந்தச் சீமையிலயும் அரசியல்வாதிதான். ஆனாலும் 'எங்க தப்பு'ன்னு சொல்லி நாற்காலியை விட்டு எந்திரிச்சாகளே, அது பெருசு. இங்கே யார் எந்திரிச்சது? அந்தியோதயா அட்டைக்காரி வரிசையில நின்னதோட சரி.

தாத்தன் மிஷினுக்கே விரோதின்னு எழுதிடாத. 2019-ல இருந்து மதுரை அரவிந்த் கண் ஆஸ்பத்திரியில கூகுள்காரன் மிஷின் சர்க்கரைக்காரங்க விழித்திரைப் படத்தைப் பார்த்துச் சேதாரம் சொல்லுது. இங்கேயே எல்.வி. பிரசாத் கண் ஆஸ்பத்திரி 2016-ல மைக்ரோசாஃப்ட்டோட சேர்ந்து கண்ணுக்குன்னு ஒரு ஏற்பாடு ஆரம்பிச்சுது. என்னை மாதிரி சர்க்கரையைச் சேர்த்து வச்சிருக்கிற கிழடுகளுக்கு இது வரம். கண்ணு மங்கினது எனக்குத் தெரியறதுக்கு முந்தி அதுக்குத் தெரிஞ்சா, கும்பிட்டு விழுந்து காட்டிட்டு வருவேன். ஆனா சீட்டுக்குக் கீழ ஒரு டாக்டர் கையெழுத்து போடுவாரு. அவருக்குப் பேர் இருக்கு, ரூம் நம்பர் இருக்கு. தப்பாப் போச்சுன்னா, போய் அவர் முன்னால உக்காந்து இருமலாம்.

அந்தக் கையெழுத்தைத்தான் ஐயா உன் நாலு பக்கத்துல தேடினேன், ஆப்புடல. 'பொறுப்புடைமை'ங்கிற வார்த்தை பதினஞ்சு இடத்துல வருது, பொறுப்பானவன் பேரு ஒரு இடத்துலயும் வரல. அதைக் கிழிச்சிட்டு எழுது. யாரோட சோறோ, வேலையோ, மானமோ மிஷின் கையில போகுதுன்னா, அவனுக்கு முன்கூட்டிச் சொல்லணும். அவன் மறுத்துப் பேச ஒரு ஆளை உக்கார வைக்கணும். அந்த ஆளுக்கு மிஷினை மீறுற அதிகாரமும் கொடுக்கணும், மீறினதுக்காக அவன் வேலையும் போகக் கூடாது. அந்த ஆளோட பேரை வாசல்ல எழுதி ஒட்டணும். உங்க மேனேஜருக்கு இது பிடிக்காது. பிடிக்கலைன்னா நீ சரியா எழுதியிருக்கன்னு அர்த்தம்.

அதுக்கு முந்தி, வீட்டுப் பக்கத்துலயே ஒரு சின்ன வேலை இருக்கு. ஞாயித்துக்கிழமை நம்ம அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம். நீ கடைசி வரிசையில உக்காந்து போனை நோண்டாம எந்திரிச்சு நில்லு. மூஞ்சி பொருந்தலைன்னா வாட்ச்மேன் சொல்லே போதும்னு எழுதிக் கொடுங்கன்னு கேளு. பாத்திரம் தேய்க்கிற அந்தம்மாவோட நட்சத்திரத்தைத் திருப்பிப் போடச் சொல்லு. அதோட, வேலைக்கு வர்றவங்களும் நமக்கு நட்சத்திரம் போட அந்த ஆப்புல ஒரு வழி பண்ணலாமான்னு கேளு. யார் யார் மூஞ்சி அப்பப் பொருந்தாமப் போகுதுன்னு பார்த்துட்டு வந்து எனக்குச் சொல்லு.